மேடை கொள்ளாத ஆட்டம்

ஸ்கா கேட்டிருக்கிறீர்களா? ஜமைக்காவின் துள்ளல் இசை. அதோடு பங்க் ராக்கைக் கலந்தது 1977-ல் இங்கிலாந்தின் கார் நகரமான காவென்ட்ரியில் உருவான 'தி ஸ்பெஷல்ஸ்'. கறுப்பரும் வெள்ளையருமாக ஏழு பேர் ஆட, ரசிகர்களும் மேடையேறிவிடுவார்கள். 1980-ல் முதலிடம் பிடித்த 'டூ மச் டூ யங்' கச்சேரியிலேயே பதிவானது. ஸ்டுடியோ பதிவைவிட அதற்கே என் ஓட்டு.

ஆனால் நிறவெறிக் கும்பல்களும் வந்தன, அடிதடி. வெளியே வேலையில்லாத் திண்டாட்டம் (காமர்ஸ் புத்தி, அங்கேதான் போகிறது!). கிளாஸ்கோ தெருவில் வயதான பெண்கள் வீட்டுச் சாமான்களை விற்றதைப் பார்த்த ஜெரி டாமர்ஸ் 'கோஸ்ட் டவுன்' எழுதினார். 1981 ஜூலையில் பல நகரங்களில் கலவரம் வெடித்தபோது அதுதான் நம்பர் ஒன். அந்த வெற்றியின் கையோடு, பாடகர் டெரி ஹால் உட்பட மூன்று பேர் விலகிவிட்டார்கள்.