ராக் கார்டன் (சண்டிகர்)

ராக் கார்டன், சண்டிகரில் கழிவுப் பொருள்களால் உருவாக்கப்பட்ட திறந்தவெளிச் சிற்பப் பூங்கா. நகரின் முதல் செக்டாரில், அரசுக் கட்டடங்கள் உள்ள கேப்பிட்டல் வளாகத்துக்கும் சுக்னா ஏரிக்கும் இடையே சுமார் 40 ஏக்கரில் அமைந்துள்ளது. இதை உருவாக்கியவர் நேக் சந்த் சைனி (1924–2015).

வரலாறு

இன்றைய பாகிஸ்தானில் பிறந்த நேக் சந்த், 1947 பிரிவினையின்போது இந்தியா வந்தார். சண்டிகர் பொதுப்பணித்துறையில் சாலை ஆய்வாளரானார். கட்டடக்கலைஞர் லெ கார்பூசியே வடிவமைத்த புதிய நகரத்துக்காகப் பல கிராமங்கள் அகற்றப்பட்டன. அந்த இடிபாடுகளையும் ஆற்றுப்படுகைக் கற்களையும் மிதிவண்டியில் கொண்டுவந்து சேர்த்த அவர், 1957 முதல் கட்டடம் கட்டத் தடையுள்ள காட்டுப் பள்ளத்தாக்கில் யாருக்கும் தெரியாமல் சிற்பங்கள் செய்தார். 1970களில் அதிகாரிகள் இதைக் கண்டறிந்தனர். சட்டப்படி இடித்திருக்க வேண்டிய இடம், மக்கள் ஆதரவால் 1976இல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. பணியைத் தொடர அவருக்குச் சம்பளம் தரப்பட்டது; ஐம்பது தொழிலாளர்களும் அமர்த்தப்பட்டனர். 1984இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1990இல் பூங்காவின் ஒரு பகுதியை இடிக்க நடந்த முயற்சியை மக்கள் திரண்டு நின்று தடுத்தனர்.

சிற்பங்கள்

பழைய மிதிவண்டிப் பாகங்களும் இரும்புக் கம்பிகளும் பல உருவங்களுக்கு உட்சட்டமாயின. அவற்றின்மேல் சிமென்ட் பூசி, ஈரம் காயும்முன் உடைந்த கண்ணாடி வளையல், பீங்கான் தட்டு, ஓட்டுச்சில்லு, உலைக்கசடு ஆகியவற்றைப் பதித்தார். நடனமாடும் பெண்கள், குடம் சுமப்போர், குரங்கு, மயில் என உருவங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஒன்றுபோல மற்றொன்று இல்லை. மின்சாதனப் பீங்கான்களும் கழிப்பறைத் தொட்டித் துண்டுகளும் சுவர்களை அலங்கரிக்கின்றன.

பார்வையாளர்கள்

பூங்கா மூன்று கட்டங்களாக வளர்ந்தது. முதல் இரு கட்டங்களில் குறுகிய பாதைகள் ஒரு முற்றத்திலிருந்து மற்றொரு முற்றத்துக்கு இட்டுச்செல்கின்றன. வாயில்கள் தாழ்வானவை, பெரியவர்கள் குனிந்து செல்ல, குழந்தைகள் நிமிர்ந்தே நுழைகிறார்கள். மூன்றாம் கட்டத்தில் அருவிகள், திறந்தவெளி அரங்கு, உயர்ந்த வளைவுகளில் தொங்கும் ஊஞ்சல்கள் உள்ளன. கந்தல் துணிப் பொம்மைகளுக்குத் தனி அருங்காட்சியகமும் உண்டு. பெரும்பகுதி நடந்தே பார்க்க வேண்டியது. ஏற்ற இறக்கமும் படிகளும் இருப்பதால் முதியோரை அழைத்துச் செல்வோர் நிதானமாகச் சுற்றுவது நல்லது. சுக்னா ஏரி அருகிலேயே இருப்பதால், குடும்பத்துடன் வருவோர் இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.