போப்பாண்டவருக்குக் கோதுமை வேண்டியதில்லை

போன ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து அம்மா ஃபோனில் பேசினார். வழக்கமான கேள்விதான். "ராத்திரிக்கு என்ன பண்றீங்க?" "சப்பாத்திம்மா." டெல்லிக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அம்மாவுக்கு இந்தப் பதிலில் திருப்தி கிடையாது. ஆனால் அன்றைக்கு வேறு ஒன்று சொன்னார்.

"எங்க காலத்துல கோதுமைன்னா அமெரிக்காக்காரன் அனுப்பினாத்தான். ரேஷன்ல மைலோன்னு ஒரு சிவப்புச் சோளம் போடுவாங்க. அவங்க ஊர்ல மாட்டுக்குப் போடறதாம். அதுக்கும் க்யூதான். ஒரு தடவை கப்பல் வரலைன்னு உங்க தாத்தா வெறும் பையோட திரும்பி வந்தார்."

கப்பல் ஏன் வரவில்லை என்று அம்மாவுக்குத் தெரியாது. அப்போது அவருக்குப் பத்து வயது. அந்த ஒரு கப்பலின் கதை எனக்கும் தெரியாது. ஆனால் 1966-ல் பல கப்பல்கள் ஏன் தாமதமாயின என்று தேடிப் போனால், கதை வியட்நாம் வரைக்கும் போகிறது. நடுவில் டெல்லியும், சில தமிழர்களும் வருகிறார்கள்.

சரி, ஆரம்பத்திலிருந்து வருவோம்.

1954-ல் அமெரிக்கா பி.எல்.480 என்று ஒரு சட்டம் போட்டது. அவர்களிடம் உபரியாகக் குவிந்து கிடந்த தானியத்தை ஏழை நாடுகளுக்கு விற்பது. டாலர் வேண்டாம், உங்கள் ஊர்ப் பணத்திலேயே கொடுங்கள் என்றார்கள். 1956-ல் இந்தியா முதல் ஒப்பந்தம் போட்டது. முதலில் வசதியாகத்தான் இருந்தது. பத்து வருஷத்தில் அதுவே பழக்கமாகிவிட்டது. 1965-ல் மழை பொய்த்தது, 1966-லும் பொய்த்தது. 1966-ல் மட்டும் ஒரு கோடி டன்னுக்கு மேல் தானியம் இறக்குமதி செய்தோம். அதில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து வந்தது. துறைமுகத்தில் இறங்கியது நேரே ரேஷன் கடைக்குப் போய்விடும், கிடங்கில் தங்காது. கப்பலிலிருந்து வாய்க்கு என்று அந்தப் பிழைப்பைக் கேலியாகச் சொல்வார்கள். திங்கட்கிழமை இரவு சாப்பாட்டை விட்டுவிடுங்கள் என்று பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி நாட்டையே கேட்டுக்கொண்டதும் இந்தக் காலத்தில்தான்.

இதே சமயத்தில் அமெரிக்க ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் வியட்நாமில் இறங்கியிருந்தார். 1965-லிருந்து வடக்கு வியட்நாம் மீது தொடர்ந்து குண்டுவீச்சு. அந்த விஷயத்தில் இந்தியா சும்மா இருக்க முடியாத நிலை. 1954 ஜெனீவா உடன்பாட்டின்படி அமைந்த சர்வதேசக் கண்காணிப்புக் குழுவுக்கு இந்தியாதான் தலைமை. கனடாவும் போலந்தும் மற்ற உறுப்பினர்கள். குண்டுவீச்சை நிறுத்து என்று டெல்லி சொல்ல ஆரம்பித்தது. ஜான்சனுக்குக் கோபம் வந்தது.

1965 ஜூனில் சாஸ்திரி வாஷிங்டன் போவதாக இருந்தது. இப்போது வரவேண்டாம் என்று ஜான்சன் தள்ளிப்போட்டார். பாகிஸ்தானின் அயூப் கானுக்கும் அதே பதில்தான் என்றாலும், டெல்லியில் அதை அவமானமாகவே எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு கோதுமைக்கு நீண்டகால ஒப்பந்தம் கிடையாது. கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொரு முறையும் ஜனாதிபதியே பார்த்து அனுமதித்தால்தான் கப்பல் கிளம்பும். கயிற்றைக் குட்டையாகக் கட்டுவது என்று நம் ஊரில் சொல்வோமே, அதுதான்.

இங்கேதான் சி.சுப்பிரமணியம் வருகிறார். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். மத்திய உணவு அமைச்சர். 1965 பிப்ரவரியில் இந்திப் பிரச்சினைக்காக ராஜினாமா கடிதம் கொடுத்து, அது ஏற்கப்படாமல் பதவியில் தொடர்ந்தவர். அதே வருஷம் நவம்பரில் ரோம் நகரில் அமெரிக்க விவசாய அமைச்சர் ஆர்வில் ஃப்ரீமேனைச் சந்தித்து ஓர் உடன்பாடு செய்துகொண்டார். இந்தியா விவசாயத்துக்கு அதிகப் பணம் ஒதுக்கும், உரம், புது விதை என்று இறங்கும், அதற்கு ஈடாகத் தானியம் வரும். அமெரிக்காவுக்கு அடிபணிந்துவிட்டார் என்று இடதுசாரிகள் திட்டினார்கள். அவர் கணக்கு வேறு. எப்படியும் செய்ய வேண்டியதைத்தானே அவர்கள் நிபந்தனையாக வைக்கிறார்கள், செய்துவிட்டுப் போவோம் என்பது.

1966 ஜனவரியில் சாஸ்திரி தாஷ்கண்டில் காலமானார். இந்திரா காந்தி பிரதமரானார். மார்ச் கடைசியில் வாஷிங்டன் போனார். ஜான்சன் விழுந்து விழுந்து உபசரித்தார். இந்தியாவுக்கு இன்னும் 35 லட்சம் டன் தானியம் தரவேண்டும் என்று அமெரிக்க காங்கிரஸைக் கேட்டுக்கொண்டார். ஜூன் 6-ம் தேதி ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. ஒரு டாலர் 4.76 ரூபாயிலிருந்து 7.50 ரூபாயானது. அமெரிக்கா சொல்லித்தான் இது என்று டெல்லியில் ஒரே கூச்சல். காங்கிரஸ் தலைவர் காமராஜருக்கே கடும் கோபம்.

அதே ஜூன் கடைசியில் அமெரிக்க விமானங்கள் ஹனோய், ஹைபாங் பக்கத்து எண்ணெய்க் கிடங்குகளைத் தாக்கின. ஜூலையில் இந்திரா வெளிப்படையாகவே பேசினார். குண்டுவீச்சை நிறுத்துங்கள், ஜெனீவா மாநாட்டை மறுபடி கூட்டுங்கள் என்றார். அப்படியே மாஸ்கோ போய், சோவியத் தலைவர்களோடு சேர்ந்து கூட்டறிக்கையும் விட்டார். வாஷிங்டனில் ஜான்சன் கொதித்தார்.

அப்போது நடந்ததாக ஒரு கதை ராஜதந்திர வட்டாரங்களில் சொல்லப்படுவதுண்டு. "நாங்கள் சொல்வதைத்தானே போப்பாண்டவரும் சொல்கிறார், ஐ.நா. பொதுச்செயலாளர் ஊ தாண்டும் சொல்கிறார்" என்று இந்தியத் தரப்பில் சமாதானம் சொன்னார்களாம். வந்த பதில்: "அவர்கள் இரண்டு பேருக்கும் எங்கள் கோதுமை தேவையில்லையே!"

யார் யாரிடம் சொன்னது என்பதில் ஆளுக்கு ஒரு மாதிரி சொல்வார்கள். ஆனால் அடுத்து நடந்தது வரலாறு. அந்த வருஷத்தின் பின்பாதியில் பீகாரில் பஞ்சம் கண்ணெதிரே வந்துகொண்டிருக்க, புதிய ஒதுக்கீட்டை ஜான்சன் மாதக்கணக்கில் இழுத்தடித்தார். அவருடைய அதிகாரிகளே அனுப்பிவிடலாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. இந்தியாவில் எங்கே எவ்வளவு மழை பெய்தது என்று தானே பார்த்துக்கொண்டிருந்தாராம். இந்தியா தன் காலில் நிற்கட்டும் என்றுதான் அப்படிச் செய்தேன் என்பது பின்னால் அவர் சொன்ன விளக்கம். அதிலும் உண்மை இல்லாமல் இல்லை. வியட்நாம் எவ்வளவு, விவசாயம் எவ்வளவு என்று வரலாற்று ஆசிரியர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். க்யூவில் நின்ற தாத்தாவுக்கு இரண்டும் ஒன்றுதான்.

வேடிக்கை என்னவென்றால், அமெரிக்காவுக்குள்ளேயே அவரைக் கேள்வி கேட்கிறவர்கள் குறைவில்லை. 1966 பிப்ரவரியில் செனட்டர் ஃபுல்பிரைட் தன் குழுவின் விசாரணையை டிவியில் நாடு முழுக்கப் பார்க்க வைத்தார். 1967 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் நியூயார்க்கில் அந்தப் போரை வெளிப்படையாக எதிர்த்தார். 1968 மார்ச் 31-ல் நான் மறுபடி போட்டியிடவில்லை என்று ஜான்சனே அறிவித்துவிட்டார். அவர் நாட்டு மக்கள் கேட்டால் அரசியல், கடன் வாங்குகிறவன் கேட்டால் நன்றிகெட்டதனம்!

டெல்லி இதற்குக் கொடுத்த பதில் பேச்சில் இல்லை, பூசா வயல்களில் இருந்தது. கும்பகோணத்துக்காரரான எம்.எஸ்.சுவாமிநாதன் அங்கேதான், இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனத்தில், மெக்சிகோவின் குட்டைக் கோதுமை ரகங்களைச் சோதித்துக்கொண்டிருந்தார். 1966-ல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதை வந்து இறங்கியது. சி.எஸ். தன் டெல்லி பங்களாவின் புல்வெளியையே உழுது கோதுமை போட்டார். 1964-65-ல் சுமார் 1 கோடியே 20 லட்சம் டன்னாக இருந்த கோதுமை விளைச்சல் 1967-68-ல் 1 கோடியே 60 லட்சத்தைத் தாண்டியது. 1968 ஜூலையில் கோதுமைப் புரட்சி என்று தபால்தலையே போட்டார்கள்.

ஆனால் அதைக் கொண்டாட சி.எஸ். மந்திரியாக இல்லை. 1967 தேர்தலில் கோபிச்செட்டிபாளையத்தில் தோற்றுப்போயிருந்தார். விருதுநகரில் காமராஜரும் தோற்றார். இந்தி எதிர்ப்பு ஒரு காரணம், அரிசிப் பஞ்சம் இன்னொன்று. ரூபாய்க்கு மூன்று படி லட்சியம் என்று தி.மு.க. சொன்னபோது, மைலோ சாப்பிட்டு அலுத்த ஜனங்கள் ஓட்டுப் போட்டார்கள். விதைத்தவர் ஒருவர், அறுவடை நாளில் மேடையில் இருந்தவர்கள் வேறு.

இதை எழுதும்போது 2003 ஞாபகம் வருகிறது. ஜனாதிபதி புஷ் இராக்கில் இறங்கியபோது நான் இங்கேதான் வேலையில் இருந்தேன். ஏப்ரல் 8-ல் மக்களவை ஒரு தீர்மானம் போட்டது. ஒரே ஒரு சொல்லுக்குத்தான் பெரிய இழுபறி. எதிர்க்கட்சிகளுக்குக் கண்டனம் வேண்டும், அரசுக்கு வருத்தம் போதும். கடைசியில் இந்தியில் 'நிந்தா' என்று போட்டார்கள், நம்முடைய நிந்தனைதான். ஆங்கிலத்தில் அதைவிட மென்மையான சொல். அவரவர் தமக்கு வேண்டியதைப் படித்துக்கொள்ளலாம். பிறகு அமெரிக்கா ஒரு டிவிஷன் படை கேட்டது. ஐ.நா.வின் தெளிவான ஆணை இல்லாமல் முடியாது என்று ஜூலை 14-ல் வாஜ்பாய் அரசு சொல்லிவிட்டது. அதற்காக யாரும் கப்பலை நிறுத்தவில்லை. நிறுத்தக் கப்பலே இல்லை. மாறாக, இராக் மக்களுக்கு 50,000 டன் கோதுமை தருகிறோம் என்று இந்தியா அறிவித்தது.

என் கதை அத்தனை வீரமானது இல்லை. அப்போது எங்கள் டீம் ஓர் அமெரிக்க வாடிக்கையாளருக்கு வேலை செய்துகொண்டிருந்தது. ஒருநாள் இரவு கான்ஃபரன்ஸ் காலில், வேலை ஆரம்பிக்கும் முன் அந்தப்பக்கத்து மனிதர் போரைப் பற்றி நல்லவிதமாகவே கேட்டார், "உங்கள் ஊரில் என்ன நினைக்கிறார்கள்?" என்று. மதியம் கேன்டீனில் மேஜையைத் தட்டிப் பேசிய நாங்கள் ஆறு பேரும் மௌனம். பிறகு நான்தான், "இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது" என்றேன்.

அந்தப் பதிலை நினைத்தால் இன்னும் கூசுகிறது. க்யூவிலிருந்து தாத்தா வெறும் பையோடு திரும்பிய வருஷத்தில், அவரைப் போன்ற கோடிப் பேருக்குச் சோறு கேட்டுக்கொண்டே டெல்லி அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறது. அது சரியா, பசித்த ஜனங்களை வைத்துக்கொண்டு அப்படிப் பேசலாமா என்று நியாயமாகவே கேட்கலாம். எனக்கும் முழுப் பதில் தெரியாது. ஆனால் எனக்கு யாரும் கோதுமையை நிறுத்தியிருக்கப் போவதில்லை.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் மைலோவைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். குழந்தைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவிடம் இதையெல்லாம் ஃபோனில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, நாளைக்காவது சாதம் வை" என்றார்.