கசிவின் குரல்

எரிவாயுக் கசிவைக் கண்டறிய மனிதன் செய்த முயற்சிகளின் வரலாறு பெரும்பாலும் கண்ணுக்கும் மூக்குக்கும் உரியது. செவி அந்த வரலாற்றில் மிகத் தாமதமாகவே நுழைந்தது. அது ஏன் தாமதித்தது, நுழைந்தபின் எதை மாற்றியது என்று பார்ப்பது, மின்நிலையங்களைப் பற்றி மட்டுமின்றி நம் புலன்களைப் பற்றியும் சிலவற்றைத் தெளிவாக்கும்.

1812 மே மாதம் வடகிழக்கு இங்கிலாந்தின் ஃபெல்லிங் நிலக்கரிச் சுரங்கத்தில் மீத்தேன் வெடித்து 92 பேர் மாண்டனர். அவர்களில் பலர் சிறுவர்கள். மூன்றாண்டுகள் கழித்து ஹம்ஃப்ரி டேவி, சுடரைக் கம்பிவலையால் போர்த்திய விளக்கை உருவாக்கினார். அது ஒளி தந்ததோடு உளவும் சொன்னது. காற்றில் மீத்தேன் கலந்திருந்தால் சுடரின்மேல் வெளிர்நீல ஒளிவிளிம்பு ஒன்று எழும். அதன் உயரத்தைக் கொண்டு சுரங்கத் தொழிலாளர்கள் ஆபத்தை மதிப்பிட்டனர். பின்னர் ஜான் ஸ்காட் ஹால்டேனின் ஆலோசனைப்படி கார்பன் மோனாக்சைடை அறியக் கானரிப் பறவைகள் சுரங்கத்துள் சென்றன. பிரிட்டனில் அவற்றை நீக்கும் முடிவு 1986இல்தான் எடுக்கப்பட்டது. 1937 மார்ச் 18 அன்று டெக்ஸாஸ் மாநிலத்தின் நியூ லண்டன் பள்ளியில், மணமற்ற இயற்கை எரிவாயு கசிந்து வெடித்ததில் ஏறத்தாழ 300 பேர் இறந்தனர், பெரும்பாலோர் குழந்தைகள். எரிவாயுவுக்குத் துர்நாற்றமூட்டும் வழக்கம் அந்தத் துயரத்துக்குப் பிறகே சட்டத்தின் வழியாகப் பரவியது.

சுடர், பறவை, நாற்றம், பின்னாளில் வந்த மின்னணு உணரிகள் ஆகிய அனைத்தும் கேட்டது ஒரே கேள்வியை: "இங்கே வாயு இருக்கிறதா?" இக்கேள்விக்கு விடை கிடைக்க வேண்டுமானால் வாயு உணரியைத் தேடி வர வேண்டும். காற்று அதை வேறு திசைக்குக் கொண்டுபோய்விட்டால் உணரி மௌனமாகவே இருக்கும்.

இந்த மௌனத்தைப் பெரும் சிக்கலாக்கியது கேஸ் டர்பைன் எனப்படும் வாயுச் சுழலி. மின்நிலையத்துக்கென அமைந்த முதல் வாயுச் சுழலிகளில் புகழ்பெற்றது, 1939இல் ஸ்விட்சர்லாந்தின் நெஷாட்டெல் நகரில் பிரௌன் பொவெரி நிறுவனம் நிறுவிய 4 மெகாவாட் எந்திரம். எண்பது வயது நிறைந்த அவுரெல் ஸ்டோடோலா அதன் சோதனையை நடத்தினார். சுழலி ஈன்ற ஆற்றலில் முக்கால் பங்கை அதன் காற்றழுத்தியே விழுங்கிவிட, மிச்சமே மின்சாரமாயிற்று. அது எண்ணெயில் ஓடிய எந்திரம். இயற்கை எரிவாயுவில் ஓடும் பெருஞ்சுழலிகள் பிரிட்டனில் பெருகியது 1990களில். 1991இல் இயங்கத் தொடங்கிய ரூஸ்கோட் நிலையம் அதன் முன்னோடி.

சுழலியின் எரிகலனில் ஏற்கெனவே அழுத்தப்பட்ட காற்று நிறைந்திருக்கிறது. அதை எதிர்த்து எரிவாயுவைச் செலுத்த வேண்டும் என்பதால், வாயு வளிமண்டல அழுத்தத்தைப் போல் இருபது, முப்பது மடங்கு அழுத்தத்தில் வருகிறது. எரிகலனைச் சுற்றிப் பல கிளைக்குழாய்கள், இணைப்புகள், வளையும் குழல்கள். இவை அனைத்தும் இரைச்சலை அடக்குவதற்காகக் கட்டப்பட்ட மூடிய அறைக்குள், சூடான உலோகப் பரப்புகளுக்கு அருகில் இருக்கின்றன. பிரிட்டனின் உயர் அழுத்தப் பெருங்குழாய்களில் ஓடும் வாயுவுக்கு மணமூட்டப்படுவதில்லை. எந்திரம் ஓடுகையில் அந்த அறைக்குள் முகர்ந்து பார்க்க மனிதரும் இருப்பதில்லை.

பொறியாளர்கள் கண்ட முதல் தீர்வு காற்றோட்டம். பெருவிசிறிகள் ஓயாது காற்றைச் செலுத்தி, கசியும் வாயுவை நீர்க்கச் செய்யும். கசிவால் உண்டாகும் மேகத்தில், தீப்பற்றும் கீழெல்லையில் பாதிக்கு மேற்பட்ட செறிவுள்ள பகுதி, அறையின் கனஅளவில் ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பிரிட்டனின் பாதுகாப்புத் துறை வகுத்த அளவுகோல். அளவுகோல் நியாயமானதுதான். ஆனால் அதற்குள் ஒரு முரண் இருந்தது. காற்றோட்டம் எவ்வளவு சிறப்பாக இருக்கிறதோ அவ்வளவுக்குக் கசிவு மறைந்துபோகிறது. அறையைக் காப்பாற்றும் அதே காற்று, உணரியிடமிருந்து ஆபத்தையும் ஒளித்துவைக்கிறது.

இங்கேதான் செவி தேவைப்பட்டது. வாயுவுக்கும் ஒலிக்குமான உறவு அதற்கு நூறாண்டுகளுக்கு மேலாகவே அறிவியலாளருக்குத் தெரிந்திருந்தது. 1858இல் அமெரிக்கரான ஜான் லெகாண்ட், ஓர் இசைக்கூடுகையில் செல்லோ வாத்தியத்தின் ஒலிக்கேற்ப எரிவாயுச் சுடர்கள் துடித்ததைக் கண்டு எழுதினார். லண்டனின் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஜான் டிண்டால் அதை 1867இல் பெரும் காட்சியாகவே நிகழ்த்தினார். பீறிட்டுச் சிதறும் நிலைக்குச் சற்று முன்னே நிறுத்திவைத்த நெடுஞ்சுடர், நாணயங்களின் கிணுகிணுப்புக்கும் காகிதத்தின் சலசலப்புக்கும் சட்டென்று குறுகியது. மனிதச் செவிக்கு எட்டாத ஒலிகளை ஆராய ராலே பிரபு இத்தகைய சுடரையே கருவியாக்கினார். இதே காலத்தில் ஃபிரான்சிஸ் கால்டன் தன் கைத்தடிக்குள் ஒரு சீழ்க்கைக் குழலைப் பொருத்தி, விலங்குக் காட்சிசாலையில் எவ்வுயிர் எந்த உச்ச ஒலிக்குக் காது நிமிர்த்துகிறது என்று சோதித்துக்கொண்டிருந்தார்.

சுடர் ஒலியைக் கேட்கும் என்பது அப்போது தெரிந்தது. பீறிடும் வாயு எவ்வாறு ஒலியைப் பிறப்பிக்கிறது என்பது தெளிவாக மேலும் எண்பது ஆண்டுகள் ஆயின. 1952இல் ஜேம்ஸ் லைட்ஹில், ஜெட் எந்திரங்களின் இரைச்சலை விளக்க முற்பட்டு, கொந்தளிக்கும் தாரையின் ஒலியாற்றல் அதன் வேகத்தின் எட்டாம் அடுக்காக வளர்கிறது என்று நிறுவினார். கசியும் துளையும் ஒரு குட்டி ஜெட்தான். உள்ளழுத்தம் வெளியழுத்தத்தைப் போல் ஏறத்தாழ இருமடங்கைத் தாண்டிவிட்டால், வாயு துளையில் ஒலியின் வேகத்தை எட்டிவிடும். வேகத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்து அதில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்தால் ஒலியின் அதிர்வெண் தோராயமாகக் கிடைக்கும். 2 மில்லிமீட்டர் துளையில் வினாடிக்கு 400 மீட்டர் வேகம் என்றால் 40,000 ஹெர்ட்ஸ். நம் செவியின் எல்லை 20,000. கசிவு ஓலமிடுகிறது, அதில் பெரும்பகுதி நம் செவிக்கு மேலே கடந்துபோய்விடுகிறது.

சில கசிவுகள் நம் செவிக்கே கேட்கும். 1988 ஜூலை 6 இரவு, ஸ்காட்லாந்துக்குக் கிழக்கே வட கடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில் நிகழ்ந்தது அதுதான். பராமரிப்புக்காகப் பாதுகாப்பு வால்வு கழற்றப்பட்டு, வெறும் மூடித்தட்டு பொருத்தப்பட்டிருந்த ஒரு பம்ப், அந்த நிலை அறியாதவர்களால் இயக்கப்பட்டது. வெடிப்புக்குச் சற்று முன்பு வீறிட்டலறுவது போன்ற கூரிய ஓசை கேட்டதாகத் தப்பியவர்கள் சிலர் கல்லன் பிரபுவின் விசாரணையில் சாட்சியம் அளித்தனர். கட்டுப்பாட்டு அறையில் வாயு எச்சரிக்கைகளும் எழுந்தன. ஆனால் செயல்படுவதற்கு அவகாசம் இருக்கவில்லை. 167 பேர் மாண்டனர். ஓசை காதில் விழுந்தது. அதன் பொருளை உடனே சொல்ல அங்கே எதுவும் இல்லை.

மீயொலிக் கசிவு உணரிகள் வட கடல் மேடைகளில் பரவியது அதற்குப் பின்வந்த ஆண்டுகளில். அங்கிருந்து அவை மின்நிலையங்களின் சுழலி அறைகளுக்கும் வந்தன. அடிப்படை எளியது. எந்திரங்களின் இரைச்சலில் பெரும்பகுதி மனிதச் செவியின் எல்லைக்குள் அடங்கியது. 25,000 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள அனைத்தையும் வடிகட்டிவிட்டால் எஞ்சும் அமைதியில் கசிவு தனித்து ஒலிக்கும். காற்றோட்டம் வாயுவை அள்ளிச் செல்லலாம், ஒலியை அள்ளிச் செல்ல முடியாது. கேள்வியே மாறிவிட்டது: "இங்கே வாயு இருக்கிறதா?" என்பது போய், "எங்கோ வாயு தப்புகிறதா?" என்றாயிற்று.

செவிக்கும் தன் ஊமைப் பக்கம் உண்டு. அழுத்தம் குறைந்த மெல்லிய கசிவு ஓசையெழுப்பாது. அழுத்தக் காற்றின் கசிவும் நீராவியின் சீற்றமும் எரிவாயுவைப் போலவே ஒலிக்கும். சுழலியின் அலகுகளும் மீயொலியை எழுப்புவதால், எச்சரிக்கை எல்லையை உயர்த்திவைக்க நேர்கிறது. உயர்த்தும் ஒவ்வொரு படியிலும் சில சிறு கசிவுகள் கேளாமல் போகும். உயர் அதிர்வெண் ஒலி காற்றில் விரைந்து தேய்வதால் உணரியின் எட்டலும் சில மீட்டர்களே. ஆகவே ஒலியுணரி பழைய உணரியின் இடத்தைப் பிடிக்கவில்லை. அதன் அருகில் நின்றது. ஒன்று பெருங்கசிவை அந்த நொடியே கேட்கிறது, மற்றது மெல்லத் தேங்குவதை முகர்கிறது.

எந்தப் புலனும் போதாத இடமும் ஒன்றுண்டு. 2010 பிப்ரவரி 7 அன்று அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், கட்டி முடிக்கப்படும் நிலையிலிருந்த க்ளீன் எனர்ஜி வாயுச் சுழலி மின்நிலையத்தில், புதிய குழாய்களின் கசடை நீக்க எரிவாயுவையே உயரழுத்தத்தில் வெளியே பீய்ச்சினார்கள். கட்டடங்களுக்கிடையே தேங்கிய வாயு வெடித்து ஆறு பேர் இறந்தனர். அங்கே கண்டுபிடிக்க வேண்டிய கசிவு எதுவுமில்லை. வாயு வெளியேறுவது அனைவருக்கும் தெரியும். அதைச் செய்ததே அவர்கள்தாம். குழாய்களைத் தூய்மை செய்ய எரிவாயுவைப் பயன்படுத்துவதைத் தடைசெய்யுமாறு அமெரிக்க வேதியியல் பாதுகாப்பு வாரியம் பரிந்துரைத்தது.

டேவியின் சுடர் முதல் மீயொலி உணரி வரை இரு நூற்றாண்டுகளில் நாம் கருவிகளுக்குப் புலன்களை ஒவ்வொன்றாக வழங்கியிருக்கிறோம். பைப்பர் ஆல்ஃபாவில், பம்பின் வால்வு அகற்றப்பட்டிருக்கிறது என்ற செய்தி ஒரு காகிதத்தில் எழுதப்பட்டே இருந்தது. பணிமாற்றத்தின்போது அது இரவுப்பணிக்கு வந்தவர்களைச் சென்றடையவில்லை. கல்லன் பிரபு 1990இல் அளித்த 106 பரிந்துரைகளில் உணரிகளைப் பற்றியவை ஒரு பகுதியே. ஒருவர் அறிந்ததை மற்றவரிடம் எவ்வாறு ஒப்படைப்பது என்பதும் அவற்றில் இருந்தது.