மார்ஃபினை மிஞ்சிய தவளை

சுகர் வந்து பத்து வருஷம் ஆனவங்க ஓ.பி.யில் சொல்வாங்க: "கால் எரியுது டாக்டர், ராத்திரி தூக்கமே இல்ல." அந்த எரிச்சலுக்கு மருந்தாகியிருக்க வேண்டிய ஒரு தவளையின் கதை இது. கொஞ்சம் பொறுமையா படிங்க.

தென் அமெரிக்காவில் எக்வடார். 1974-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவன வேதியியலாளர் ஜான் டாலி அங்கே சின்னத் தவளைகளைச் சேகரிக்கிறார். ஒரு இன்ச்தான் இருக்கும். கரும்சிவப்பு உடம்பில் வெளிர் கோடுகள். அதன் தோல் சாற்றை எலிக்கு ஊசி போட்டால் வால் முதுகுக்கு மேல் வளைந்து நிற்கிறது. மார்ஃபின் கொடுத்தால் வரும் அதே அறிகுறி!

அப்போ இதுவும் மார்ஃபின் வகைதானே? அங்கேதான் ட்விஸ்ட். மார்ஃபினை முறிக்கும் நாலாக்சோனைக் கொடுத்தும் இது அடங்கவில்லை. அதாவது, வலியைக் குறைக்க உடம்பில் வேறொரு வழி இருக்கிறது.

1976-ல் திரும்பப் போய் 750 தவளைகளைப் பிடித்தார்கள். கிடைத்த சரக்கு ஒரு மில்லிகிராம்கூட இல்லை. அன்றைய என்.எம்.ஆர். கருவிகளுக்கு அது போதவில்லை. சரி, தவளையை வளர்க்கலாம் என்றால், கூண்டில் வளர்ந்ததில் விஷமே இல்லை! இந்தக் குடும்பத் தவளைகள் காட்டில் தின்னும் பூச்சிகளிலிருந்துதான் விஷத்தைச் சேர்க்கின்றன. 1980களில் தவளை பிடிக்க சர்வதேசக் கட்டுப்பாடும் வந்துவிட்டது. டாலி மிச்சச் சாற்றை ஃப்ரீசரில் வைத்துக் காத்திருந்தார். அவசரப்பட்டுச் செலவழிக்கவில்லை பாருங்க, அதைத்தான் நான் பெரிசா நினைக்கிறேன்.

கருவிகள் முன்னேறியபின் 1992-ல் மூலக்கூறின் அமைப்பு வெளியானது. பெயர் எபிபேட்டிடின். எலிகளில் மார்ஃபினைவிட சுமார் 200 மடங்கு வீரியம். பிடிக்கும் இடம் நிகோடினிக் ரிசெப்டார். பூச்சிமருந்து குடித்தவர்களுக்குத் தசை துடிக்குமே, அதுவும் இந்த ரிசெப்டார் குடும்பத்தின் வேலைதான். அதனால்தான் எபிபேட்டிடினை அப்படியே மனுஷனுக்குக் கொடுக்க முடியாது. வலி போக்கும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடைவெளி ரொம்பக் குறைவு.

அதே 1992-ல்தான் உயிர்ப்பன்மைய ஒப்பந்தமும் கையெழுத்தானது. 'எங்கள் தவளை, எங்கள் பங்கு எங்கே' என்ற கேள்வி எக்வடாரில் எழுந்தது. என்னைக் கேட்டால் நியாயமான கேள்வி.

அபாட் கம்பெனி இதே பாணியில் சாதுவான ஒரு மூலக்கூறைச் செய்து 1998-ல் அறிவித்தது: ஏ.பி.டி.-594. சர்க்கரை நோயாளிகளின் நரம்பு வலியில் சோதித்தார்கள். வலி குறைந்தது. ஆனால் குமட்டல், வாந்தி, தலைசுற்றல் தாங்காமல் பலர் பாதியிலேயே விலகினார்கள். மருந்து கைவிடப்பட்டது.

எபிபேட்டிடின் இன்றும் ஆய்வகங்களில் இருக்கிறது, நிகோடினிக் ரிசெப்டார்களை ஆராயும் கருவியாக.