மாலத்தீவின் பொருளியல் மாற்றம்: மாசியிலிருந்து சுற்றுலாவுக்கு

இந்தியப் பெருங்கடலில் ஏறத்தாழ 1,200 பவளத் தீவுகளைக் கொண்ட மாலத்தீவு 1965ஆம் ஆண்டு பிரித்தானியரிடமிருந்து முழு விடுதலை பெற்றது. அக்காலத்தில் அதன் ஏற்றுமதி பெரிதும் சூரை மீனைப் பதப்படுத்திச் செய்யும் மாசிக்கருவாட்டையே நம்பியிருந்தது. அதன் முதன்மைச் சந்தை இலங்கை. 1970களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடிக்குள்ளான இலங்கை அவ்விறக்குமதியைக் குறைத்தபோது, ஒரு பொருளையும் ஒரு சந்தையையும் சார்ந்த பொருளியலின் நலிவு வெளிப்பட்டது.

இச்சூழலிலேயே 1972இல் முதல் சுற்றுலா விடுதியான குரும்பா திறக்கப்பட்டது. மக்கள் வாழாத தீவுகளைக் குத்தகைக்கு அளித்து, ஒரு தீவில் ஒரு விடுதி என்னும் முறையில் இத்துறை வளர்ந்தது. அரசு குத்தகை வருவாய் பெற்றது. ஆயினும் விடுதிகளுக்கான உணவும் பிற பொருள்களும் பெரும்பாலும் இறக்குமதியானமையால், ஈட்டிய செலாவணியில் ஒரு பகுதி மீண்டும் வெளியேறியது. மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் இல்லங்கள் பெருகியது 2009க்குப் பின்னரே. அதன் பின்பே சிறு முதலீட்டாளருக்கும் இத்துறையில் இடம் கிடைத்தது.

2011இல் மாலத்தீவு மிகவும் பின்தங்கிய நாடுகளின் பட்டியலிலிருந்து நீங்கியது; இது சுற்றுலாவின் மறுக்கவியலாப் பயன். எனினும், பெருந்தொற்றால் எல்லைகள் மூடப்பட்ட 2020இல் மொத்த உள்நாட்டு உற்பத்தி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. வருமானம் உயர்ந்தது, ஒற்றைத் துறைச் சார்பு மாசியிலிருந்து சுற்றுலாவுக்கு இடம் மாறியதேயன்றி நீங்கவில்லை.