கடல்நாய் முதல் புலி வரை: திருத்தப்பட்ட படங்களின் கதை

சீல் எனப்படும் கடல்நாய்கள் கடலில் மீன் பிடித்துத் தின்று, கரையோரப் பாறைகளில் ஏறிப் படுத்து வெயில் காயும் விலங்குகள். இந்தியக் கடற்கரைகளில் அவை வாழ்வதில்லை. தருமபுரி மாவட்டத்துக்கோ கடலே கிடையாது. அப்படியிருக்க, கடத்தூரில் இருப்பவருக்கும் கடல்நாய்ப் படத்துக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது நண்பர்களே. பிரிட்டன் கரைகளில் எடுக்கப்பட்ட கடல்நாய்ப் படங்களுக்காகப் பிறந்த ஒரு கணினி முறை, பிற்காலத்தில் நம் நாட்டுப் புலிகளை எண்ணுவதற்குப் பயன்பட்டது. அந்தக் கதைக்கு முன், எடுத்த படத்தைத் திருத்தும் பழக்கம் எவ்வளவு பழையது என்று பார்த்துவிடுவோம்.

மேகம் வரைந்த கேப்டன்

1856-ல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டவர் கேப்டன் லின்னேயஸ் டிரைப். தஞ்சை, மதுரைக் கோயில்களை அவர் எடுத்த படங்கள் புகழ் பெற்றவை. இராயக்கோட்டையையும் சேலம் ஜில்லாவின் வேறு சில இடங்களையும் காட்டும் படத்தொகுப்பு ஒன்றும் 1858-ல் அவர் பெயரில் வெளிவந்தது. அப்போது கடத்தூரும் சேலம் ஜில்லாவில்தான் இருந்தது. தருமபுரி தனி மாவட்டம் ஆனது 1965-ல். 2004-ல் அதிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தபோது இராயக்கோட்டை அதனுடன் சென்றது.

அக்காலப் புகைப்பட ரசாயனங்கள் நீல ஒளியைத்தான் அதிகம் உணர்ந்தன. ஆகவே வானம் வெறும் வெள்ளையாகவும், மரங்களின் பச்சை கறுப்பாகவும் விழுந்தன. டிரைப் என்ன செய்தார் தெரியுமா? நெகடிவின் மீதே தூரிகையால் வண்ணம் பூசி, இல்லாத மேகங்களை உண்டாக்கினார். பார்ப்பவர்களுக்கு வானம் அழகாகத் தெரிந்தது. ஆனால் அந்த மேகம் அன்று இராயக்கோட்டையிலோ மதுரையிலோ யார் தலைக்கு மேலும் நிற்கவில்லை!

கட்டடம் அசையாது, அதனால் நீண்ட நேரம் லென்ஸைத் திறந்து வைத்துப் படம் எடுக்க முடிந்தது. ஓடும் விலங்கை எடுக்க அந்தக் கேமராவால் முடியாது.

விலங்கைத் தேடிப் போன கேமரா

வேகமான பிலிமும் லென்ஸும் வந்த பிறகு நிலைமை மாறியது. கேப்டன் ஸ்காட்டின் அண்டார்டிகா பயணத்தில் சென்ற ஹெர்பர்ட் பான்டிங் அங்குள்ள கடல்நாய்களையும் பெங்குவின்களையும் படமெடுத்தார். 1911 ஜனவரியில் அவர் நின்றிருந்த பனிப்பாளத்தைக் கொலைத் திமிங்கிலங்கள் அடியிலிருந்து முட்டி உடைத்தன. மயிரிழையில் தப்பினார்.

இந்தியாவில் வன அதிகாரி எஃப்.டபிள்யூ. சாம்பியன் காட்டுப் பாதையில் கம்பி கட்டி, அதைப் புலி மிதித்தால் தானாகவே படம் விழும்படி செய்தார். அந்தப் படங்கள் 1927-ல் புத்தகமாக வந்தன.

படத்தைத் திருத்துவது பற்றிய சண்டையும் அப்போதே தொடங்கிவிட்டது. ஷாக்கிள்டனின் அண்டார்டிகா பயணத்தில் சென்ற ஃபிராங்க் ஹர்லி, பல நெகடிவ்களை இணைத்து ஒரே காட்சியாக அச்சிடுபவர். 1917-ல் போர்முனைப் படங்களிலும் அவர் அப்படிச் செய்ய விரும்பியபோது, ஆஸ்திரேலியப் போர் வரலாற்றாளர் சார்லஸ் பீன் அது பொய் என்று கடுமையாக எதிர்த்தார்.

மா. கிருஷ்ணனின் கறுப்பு வெள்ளை

தமிழ்நாட்டில் இந்தக் கலைக்கு முன்னோடி மா. கிருஷ்ணன் (1912-1996). 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். 1950 முதல் இறக்கும் வரை 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் இயற்கை பற்றித் தொடர்ந்து எழுதினார். தமிழிலும் எழுதினார்.

பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒரு கேமராவை உருவாக்கி, அதற்கு 'சூப்பர் பாண்டரோஸா' என்று பெயர் வைத்தார். அதைத் தூக்கிக்கொண்டு நடந்தும், பழக்கிய யானை மீது அமர்ந்தும் முதுமலை போன்ற காடுகளில் படம் எடுத்தார். கலர் பிலிம் பரவிய பிறகும் கறுப்பு வெள்ளையை விடவில்லை. 1959 முதல் 1970 வரை இந்தியக் காட்டு விலங்குகளின் நிலையை அவர் ஆராய்ந்து எழுதியபோது அந்தப் படங்களே ஆவணங்களாக நின்றன. 1970-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

1990: இரண்டு பாதைகள்

கம்ப்யூட்டர் வந்ததும் திருத்துவது எளிதாகிவிட்டது. 1982-ல் 'நேஷனல் ஜியாகிரபிக்' அட்டைக்குப் பொருந்துவதற்காக எகிப்தின் பிரமிடுகளே படத்தில் நகர்த்தி வைக்கப்பட்டன! 1990-ல் போட்டோஷாப் விற்பனைக்கு வந்தது.

அதே 1990-ல் பிரிட்டனில் லெக்ஸ் ஹைபியும் பில் லோவலும் வேறொரு வழியைக் காட்டினார்கள். சாம்பல் நிறக் கடல்நாய்களின் உடலில் உள்ள புள்ளிகள் நம் கைரேகை போல ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு. கரையில் கிடக்கும் கடல்நாயைத் தொடாமல், அடையாள வளையம் மாட்டாமல், தூரத்திலிருந்து எடுத்த படத்தைக் கணினியில் ஒப்பிட்டு "இது போன வருடம் வந்த அதே விலங்கு" என்று சொல்லும் முறை அது.

பின்னாளில் இதே முறை புலியின் வரிகளுக்கும் பொருத்தப்பட்டது. உல்லாஸ் கரந்த் உள்ளிட்டோருடன் ஹைபி எழுதிய ஆய்வு 2009-ல் வெளிவந்தது. உயிருள்ள புலியின் படத்தைக் கடத்தல்காரர்களிடம் பிடிபட்ட தோலுடன் ஒப்பிட்டு, அது எந்தப் புலி என்று கண்டுபிடிக்கவும் இதனால் முடிந்தது. 2018-19 புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமராக்கள் வைக்கப்பட்டன. சுமார் 3.48 கோடி படங்கள் கிடைத்தன. அவற்றில் 76,651 படங்களில் புலி இருந்தது. வரிகளைக் கொண்டு 2,461 புலிகள் தனித்தனியாக அடையாளம் காணப்பட்டன.

யோசித்துப் பாருங்கள். அழகுக்காக ஒரு வரியை அழித்தால், கணக்கில் ஒரு புலி மாறிவிடும்!

எது திருத்தம், எது பொய்?

நனைந்த விலங்கு கறுப்பாக இருக்கும். சுற்றிலும் தண்ணீர் பளபளக்கும். அந்த வெளிச்சத்தில் கேமரா ஏமாந்து விலங்கை வெறும் நிழலாகக் காட்டிவிடும். பிறகு இருண்ட பகுதியை வெளுப்பாக்கினால் கண்ணும் மீசையும் புள்ளியும் தெரியும். இது அங்கே இருந்ததை வெளியே கொண்டுவருவது. இருட்டறையில் என்லார்ஜரின் ஒளியைக் கையால் மறைத்துச் செய்ததும் இதுதான். சாய்ந்த படத்தை நேராக்குவதும், ஓரத்தை வெட்டுவதும் இந்த வகையே. இல்லாத மேகத்தையோ இன்னொரு விலங்கையோ ஒட்டுவது வேறு வகை. எப்படித் திருத்தினாலும், மூலப் படத்தை அழிக்காமல் வைத்திருப்பது நல்லது. சந்தேகம் வந்தால் சாட்சி சொல்வது அதுதான்.

கடத்தூர்க்காரர்களுக்குக் கடல்நாய் எட்டாது. ஆனால் நம் மாவட்டத்து ஒகேனக்கல் பக்கம் காவிரியில் நீர்நாய்கள் உண்டு. அவையும் மீன் தின்று பாறையில் ஏறி உடல் உலர்த்துபவைதான். அந்தக் காவிரிக் காட்டின் ஒரு பகுதி 2014-ல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இன்று மொபைல் கேமராவுடன் அங்கே போகும் மாணவர் ஒருவருக்குப் பாறை மேல் ஒரு நீர்நாய் தெரியலாம். அருகே ஓடி விரட்டாமல், தூரத்திலிருந்து எடுத்த மங்கலான படமாக இருந்தாலும் போதும். தேதியும் இடமும் குறித்து, எதையும் சேர்க்காமல் வைத்தால், அது நீர்நாய் அங்கே வாழ்ந்ததற்கு ஒரு சாட்சி.

டிரைப்பின் மேகங்களை இன்று யாரும் வானிலைக் குறிப்பாக எடுத்துக்கொள்வதில்லை. அந்த நீர்நாய்ப் படத்தை ஐம்பது வருடம் கழித்தும் ஒருவர் நம்பிப் பார்க்கலாம்.