வேள்விக்குடிச் செப்பேடும் வீட்டுத் திண்ணையும்

கி.பி. எட்டாம் நூற்றாண்டில், மதுரையில் பாண்டியன் நெடுஞ்சடையன் பராந்தகன்முன் நற்சிங்கன் என்பவர் முறையிட்டு நின்றார். தம் முன்னோர் நற்கொற்றனுக்குப் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி வேள்விக்குடி என்னும் ஊரைக் கொடையளித்தான் என்பதும், களப்பிரர் அதனைக் கவர்ந்தனர் என்பதும் அவர்தம் முறையீடு. அவ்வுரிமையின் பழமையை நாட்டாரைக் கொண்டு மெய்ப்பிக்குமாறு மன்னன் பணித்தான். அவர் மெய்ப்பித்தார், ஊரும் மீண்டது. வேள்விக்குடிச் செப்பேடு கூறும் இச்செய்தி, குடும்ப வரலாறு தேடுவோர்க்கு முதற்பாடமாகும். வழிவழிச் செய்தி மட்டும் போதாது, சான்று வேண்டும்.

செப்பேடு எல்லாக் குடிக்கும் வாய்ப்பதன்று. எளிய குடும்பத்தின் வரலாறு வீட்டுத் திண்ணையில் தொடங்குகிறது. முதியோரிடம் பெயர், பிறந்த ஊர், மணம் புகுந்த ஊர் ஆகியவற்றைக் கேட்டு எழுதுதல் முதற்பணி. பாட்டன் பெயரைத் தாங்குபவனே பெயரன் ஆதலின், ஒரே பெயர் தலைமுறை விட்டுத் தலைமுறை மீளும். இருவரை ஒருவராகக் கொள்ளும் பிழை ஈண்டு எளிதில் நேரும். மாசிச் சிவராத்திரியில் குலதெய்வக் கோயிலில் கூடும் பங்காளிகளைக் கேட்டால், நகரில் குடியேறியோரின் பூர்வீக ஊர் புலப்படும். அதன்பின்னரே ஏடுகளை நாடுதல் வேண்டும். பழைய கிரயப் பத்திரங்களில் தந்தை பெயரும் நிலத்தின் நான்கெல்லையும் காணப்படும். எல்லையில் நிற்கும் பெயர் பல வேளைகளில் பங்காளியுடையதாகவே இருக்கும்.

ஏடுகளுள் மனத்தை வருத்துவனவும் உள. உசிலம்பட்டி வட்டாரத்துப் பிறமலைக் கள்ளர் மக்கள், 1911ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ்க் கைரேகை பதிக்க வற்புறுத்தப்பட்டனர். அதனை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் நாள் காவலர் துப்பாக்கிக்குப் பலர் உயிரிழந்தனர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947இல் நீங்கியது. ஆயின், பாட்டனின் பெயர் எழுத்தில் முதன்முதல் ஏறிய இடம் அக்காவற் பதிவேடாகவே இருத்தல் கூடும். பதிந்தவன் நோக்கம் இழிவு. தேடும் பெயரனுக்கோ அது சான்று. அதனை நாணி மறைப்பது வரலாற்றுக்கும், எதிர்த்து மாண்டோர்க்கும் செய்யும் தீங்காகும்.

எனினும் அப்பதிவேட்டிலும் பத்திரத்திலும் பெரும்பாலும் ஆடவர் பெயர்களே உள்ளன. கொள்ளுப் பாட்டியின் பெயரும், அவள் எவ்வூரிலிருந்து வந்தாள் என்பதும் பெரும்பாலும் முதியவள் ஒருத்தியின் நினைவில் மட்டுமே எஞ்சியுள்ளன. ஏடு இன்னும் சில காலம் காத்திருக்கும்; அவள் காத்திருப்பது அரிது. ஆதலின் குடும்ப வரலாறு எழுதப் புகுவோர், தாயைப் பெற்றவளின் பெயரை முதல் வரியில் எழுதித் தொடங்குதல் நன்று.